தம்மாமில் பனி அள்ளும் இயந்திரம்

எங்கள் வீட்டில் பனி அள்ளும் இயந்திரம் ஒன்று இருக்கிறது. வீடு இருப்பது சவூதிப் பாலைவனத்து ஊரான தம்மாமில். சொன்னதும் எல்லோரும் சிரிப்பார்கள். அவர்கள் சிரித்து முடிக்கும்வரை காத்திருக்கப் பழகிவிட்டேன்.

மகள் வயிற்றில் இருந்தபோது, வேலை முடிந்து ஊர் திரும்பும் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்திடம் தொட்டில் வாங்கப் போனோம். அந்த வீட்டு அம்மாள் தொட்டிலோடு இதையும் கொண்டுவந்து எங்கள் காரில் வைத்துவிட்டார். வரும்போது சாமான்களோடு சாமானாக இதுவும் கப்பலேறி வந்துவிட்டதாம். வந்த நாளிலிருந்து பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லையாம். வேண்டாம் என்று சொல்ல எங்கள் இருவருக்கும் வாய் வரவில்லை. தள்ளுவண்டி மாதிரி கைப்பிடி, கீழே ரப்பர் துடுப்புகள் சுழலும் உருளை, மேலே அள்ளியதை வீசுவதற்கு ஒரு புகைபோக்கி மாதிரி வாய், நீளமான ஒயர். என் கணவர் அதை ஸ்டோர் ரூமில் கொண்டுபோய் வைத்துவிட்டு, "தூத்துக்குடில பனி பெய்யும்போது எடுத்துக்கலாம்" என்றார்.

அவருக்குக் கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலை. இருபத்தெட்டு நாள் கடலில், இருபத்தெட்டு நாள் வீட்டில். அவர் கடலில் இருக்கும் நாட்களில் வீட்டில் நானும் மகளும் மட்டும். அவளுக்கு அப்போது இரண்டு வயது முடியவில்லை.

நாங்கள் இருப்பது ஒரு பழைய வில்லாவின் கீழ்ப்பகுதி. மாடி பூட்டிக் கிடக்கிறது. வடக்கே வெறும் பொட்டல். ஷமால் என்று இங்கே சொல்லும் வடக்குக் காற்று கிளம்பினால் பொட்டலின் மணல் எங்கள் மதில் ஓட்டைகள் வழியாக முற்றத்துக்குள் வந்துவிடும். வந்த மணல் ஓரிடத்தில்தான் குவியும். அது கேட்டின் மூலை. கேட்டோ உள்பக்கமாகத் திறப்பது. முழங்கால் உயரத்துக்கு மணல் சேர்ந்துவிட்டால் இரும்புக் கதவு ஒரு சாண்கூட அசையாது.

ஒருநாள் அதுதான் நடந்தது. காலையில் மகளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போய்ப் போய் வந்தது. அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடிவந்து கேட்டை இழுத்தேன், வரவில்லை. இரவு முழுக்க அடித்த காற்றை நான் ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் கேட் நினைவுக்கு வரவில்லை. பிள்ளையைப் படியில் உட்காரவைத்துவிட்டு, குப்பை அள்ளும் தட்டால் மணலை வாரினேன். வார வார மேலிருந்து சரிந்து வந்தது. என் சத்தம் கேட்டு, பக்கத்து வீட்டில் இருக்கும் நர்ஸ் அக்கா நைட் டியூட்டி முடிந்து வந்த உடையோடு ஓடிவந்தார். நான் உள்ளிருந்து வார, அவர் வெளியிலிருந்து தோளைக் கொடுத்துத் தள்ள, ஒரு ஆள் உடம்பைக் குறுக்கி நுழையும் இடைவெளி கிடைத்தது. முதலில் பிள்ளையை அதன் வழியே கொடுத்தேன்.

மருத்துவமனையில் முகத்தில் மாஸ்க் வைத்து மருந்துப்புகை கொடுத்தார்கள். மதியத்துக்குள் அவள் பிஸ்கட் கேட்டாள்.

அன்று சாயங்காலம் போனில் கணவரிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று இன்றுவரை யோசிக்கிறேன். அவர், "நீ ஒத்தையில கிடந்து கஷ்டப்பட வேண்டாம் ஏட்டி. நான் கரைக்கு வந்ததும் உங்க ரெண்டு பேருக்கும் ஃபைனல் எக்ஸிட் போட்டுருதேன்" என்றார்.

ஃபைனல் எக்ஸிட் என்றால் லீவுக்குப் போய்வருவது இல்லை. இங்கே இருக்கும் அனுமதியை முடித்துவிட்டுப் போவது. போனால் போனதுதான். மறுபடி விசா எடுப்பதெல்லாம் பிறகு, பார்க்கலாம், ஆகட்டும் என்று நீளும். அதைப் போடுவதற்கு என் கையெழுத்து தேவையில்லை. நான் அவருடைய விசாவில் இருப்பவள். அவருடைய போனில் இருக்கும் ஒரு பட்டன் போதும்.

அத்தையிடமிருந்து, அதாவது கணவரின் அம்மாவிடமிருந்து, மறுநாளே அழைப்பு. "படிச்சிருக்கிய, எல்லாம் தெரியும்னுதான் நெனச்சேன். கதவு முன்னால கிடக்க மண்ணக்கூட பாக்கலியே மக்கா. போதும். பிள்ளையத் தூக்கிட்டு வந்து சேரு."

நான் "சரி அத்தை" என்றேன். என் பழக்கம் அது. முதலில் சரி என்று சொல்லிவிட்டு, பிறகு தனியாக உட்கார்ந்து, ஏன் அப்படிச் சொன்னேன் என்று என்னையே திட்டிக்கொள்வேன்.

போக எனக்கு மனமில்லை. கல்யாணமாகி மூன்று வருஷம் அவர் இங்கே, நான் அங்கே என்று இருந்துவிட்டுத்தான் வந்தேன். வருஷத்தில் பாதி நாளாவது என் மகள் தன் அப்பாவின் முதுகில் ஏறுகிறாள். வருஷத்தில் ஒரு மாதம் வந்துபோகும் விருந்தாளியாக அவர் ஆவதை நான் விரும்பவில்லை. ஆனால் மணலுக்கு நான் என்ன பதில் சொல்வது?

ஸ்டோர் ரூம் ஞாபகம் வந்தது அப்போதுதான். பனியும் மணலும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும். ஆனாலும் காய்ந்த மணல், தண்ணீர் மாதிரி ஓடும் மணல், அதையும் அள்ளித்தானே பார்க்கலாம். முகத்தைத் துப்பட்டாவால் சுற்றிக் கட்டிக்கொண்டு, மகளை ஜன்னல் சாத்திய அறைக்குள் விட்டுவிட்டு, சுவிட்சை அழுத்தினேன். மணல் எழும்பி வளைந்து மதிலைத் தாண்டிப் பொட்டலில் போய் விழுந்தது. வந்த இடத்துக்கே அனுப்பிவிட்டேன். கொஞ்ச நேரம் ஓட்டுவது, சூடு ஆறும்வரை நிறுத்துவது. மோட்டாரின் காற்றுத் துளைகளுக்குப் பழைய நைலான் சாக்ஸ் ஒன்றை வெட்டி மாட்டினேன். ஒருநாள் விட்டு ஒருநாள் கேட்டின் மூலையைச் சுத்தம் செய்தேன். வீடியோவில் கணவருக்குக் காட்டினேன்.

அவர் சிரித்தார். கூட வேலை செய்பவர்களைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தார். பிறகு, "சரி, இது ஓடுத வரைக்கும் பாப்போம்" என்றார். அப்படித்தான் எங்கள் இருப்பு ஒரு மோட்டாரின் தலையில் ஏறியது.

பழைய தம்மாம் வீடுகளில் இரண்டு விதமான கரண்டு உண்டு என்பதை இங்கே சொல்ல வேண்டும். சில சுவர்ப் பெட்டிகளில் நூற்றுச் சொச்சம் வோல்ட், சிலவற்றில் இருநூற்றுச் சொச்சம். ஏசிக்கும் வாட்டர் ஹீட்டருக்கும் பெரியது, பழைய மிக்சிக்கும் விளக்குக்கும் சின்னது. எங்கள் இயந்திரம் அமெரிக்கச் சாமான், சின்னக் கரண்டில் ஓடுவது. எங்கள் வீட்டில் படுக்கையறையில் மட்டும்தான் சின்னது இருந்தது. பெரியதன் மேலெல்லாம் வீட்டுச் சொந்தக்காரர் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு போட்டிருந்தார். அதற்கு முந்தைய மாதம் ஆள் விட்டுச் சுவருக்கு வெள்ளையடித்தபோது சிவப்புக் கோடும் மறைந்துபோயிற்று. போதாததற்கு, இங்கே கடைகளில் விற்கும் எக்ஸ்டென்ஷன் பெட்டிகள் எந்த நாட்டுப் பிளக்கையும் மறுக்காமல் வாங்கிக்கொள்ளும்.

கணவர் கரைக்கு வர எட்டு நாள் இருந்தது. மகள் படுக்கையறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்தால் எழுந்துவிடுவாள். நான் எக்ஸ்டென்ஷன் பெட்டியைச் சமையலறைச் சுவரில் செருகினேன். இயந்திரம் ஒருமுறை வீறிட்டது. அதுவரை கேட்டிராத சத்தம். உள்ளே பட்டாசு போல ஒன்று வெடித்தது. கருகிய வாசனை வந்தது, இயந்திரம் நின்றுவிட்டது.

நான் மின்னியல் பொறியியல் படித்தவள். நான்கு வருஷம் படித்து, முதல் வகுப்பில் தேறியவள். இந்தத் தப்பை ஒரு படிக்காதவர் செய்திருந்தால் பரவாயில்லை என்று அப்போது நினைத்தேன். பிறகு அப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்டேன். படிக்காதவர் என்றால் சந்தேகப்பட்டு யாரையாவது கேட்டிருப்பார்.

கணவரிடம் சொல்லவில்லை. வீடியோவில் பேசும்போது முற்றம் தெரியாதபடி போனைத் திருப்பிப் பிடித்தேன். "மண்ணு எப்படி இருக்கு?" என்று கேட்டார். "குறைவுதான்" என்றேன். அன்று அது உண்மை. மறுநாள் உண்மையாக இருக்கவில்லை. குப்பைத் தட்டால் வாரினேன். பாதி வாரும்போதே மகள் உள்ளே அழ ஆரம்பித்துவிடுவாள். வார இறுதியில் பெரிய காற்று வரும் என்று போனில் எச்சரிக்கை வந்தது.

மகளின் மதியத் தூக்கம் ஒன்றரை மணி நேரம். அதுதான் என் பட்டறை நேரம். பிளக்கைப் பிடுங்கி என் கண் முன்னால் தரையில் வைத்துக்கொண்டேன், அது எங்கேயும் செருகியில்லை என்று இடையிடையே பார்த்துக்கொள்வதற்கு. ஒரு பழைய பெட்ஷீட்டை விரித்து, கழற்றிய திருகுகளைக் கழற்றிய வரிசையிலேயே மகளின் சோறூட்டும் தட்டில் வைத்தேன். மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு கைப்பிடி மணல். பிரஷ்ஷால் தட்டித் தட்டி எடுத்தேன். பெல்ட் நன்றாகத்தான் இருந்தது. மோட்டாருக்கு முன்னால் நான்கு கால்களோடு ஒரு சின்னச் சதுரக் கட்டை இருந்தது. ரெக்டிஃபையர். சுவரிலிருந்து வரும் மாறுதிசை மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்ற நேர்திசையாக மாற்றிக் கொடுப்பது. அதன் முதுகு இரண்டாகப் பிளந்திருந்தது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வியாதியின் பெயர் தெரிந்த மாதிரி. உடனே சந்தேகமும் வந்தது. இது மட்டும்தான் போயிருக்கிறதா, மோட்டாரும் எரிந்திருந்தால்? மோட்டார் எரிந்திருந்தால் வேறு மோட்டாருக்குத் தம்மாமில் எங்கே போவது? இங்கே பனி இயந்திரத்துக்கு உதிரி பாகம் வைத்திருக்கும் கடைக்காரன் யார்?

சாயங்காலம் மகளைத் தூக்கிக்கொண்டு நர்ஸ் அக்காவின் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர். வார்டில் எல்லோரையும் அதட்டி அதட்டி, வீட்டிலும் அந்தக் குரலிலேயே பேசுவார்.

"அக்கா, உங்க கார் பேட்டரி கொஞ்சம் வேணும்."

"எனக்க பேட்டரி எதுக்கு பிள்ளே? மண்ணு வாரவா?"

"மோட்டார் உயிரோட இருக்கான்னு பாக்கணும். பன்னெண்டு வோல்ட் கொடுத்தா மெதுவாச் சுத்தும். சுத்தினா நல்லாருக்குன்னு அர்த்தம்."

"சுத்தலன்னா?"

"சுத்தலன்னா நான் ஊருக்குப் போகணும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மோட்டாருக்கு நாடி பிடிச்சுப் பாக்கதுக்கு இவ்வளவு பேச்சா? வண்டிய உள்ள எடுத்திட்டு வாறேன், போ."

கேட்டின் மூலையில் மறுபடி மணல் சேர்ந்திருந்ததால் காரை உள்ளே எடுக்க முடியவில்லை. வெளியிலேயே நிறுத்தி, பானெட்டைத் திறந்து, இரண்டு பேரும் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனோம். பெல்ட்டைக் கழற்றி வைத்திருந்தேன். மோட்டாரின் இரண்டு ஒயரிலும் பேட்டரிக் கேபிளைப் பிடித்தேன். முதல் முறை தொட்டபோது ஒன்றும் இல்லை. "போயாச்சா?" என்றார் அக்கா. கவ்வியைத் துடைத்துவிட்டு இரண்டாம் முறை தொட்டேன். அச்சு மெல்ல, தூக்கம் கலைந்து எழுபவரைப் போலச் சுற்ற ஆரம்பித்தது.

"சாகலடி! சாகல!" என்று அக்கா கத்திய கத்தில் மகள் பயந்துபோய் என் காலைக் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் அக்காவே என்னையும் மகளையும் காரில் கூட்டிப்போனார். பழைய கடைத்தெருவில், மின்சாரச் சாமான் விற்கும் ஒரு குறுகலான கடை. கடைக்காரர் என் கையிலிருந்த பிளந்த கட்டையைப் பார்க்கக்கூட இல்லை.

"மாஃபி, மேடம்" என்றார். இல்லை என்று அர்த்தம்.

நான் அசையாமல் நின்றேன். அவர் பின்னால் இருந்த தட்டில், டப்பாக்களின் மேல் அதே சதுரம் ஒட்டியிருந்தது எனக்குத் தெரிந்தது.

"பாய், வோ உப்பர்வாலா டப்பா" என்று இந்தியில் சொல்லி, மேலே இருந்த டப்பாவைக் காட்டினேன்.

அவர் சலிப்போடு, "ஹஸ்பண்ட் கோ பேஜோ, மேடம். கலத் லகாயா தோ பிளாஸ்ட்" என்றார். புருஷனை அனுப்புங்கள், தப்பாக மாட்டினால் வெடிக்கும் என்கிறார்.

வழக்கமாக நான் இந்த இடத்தில் 'சாரி' சொல்லிவிட்டு வெளியே வந்திருப்பேன். வீட்டுக்கு வந்து, சொல்ல வேண்டிய பதிலை யோசித்திருப்பேன். அன்று, "ஏற்கெனவே வெடிச்சாச்சு பாய், வெடிக்க வச்சதே நான்தான்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, ஆங்கிலத்தில் தொடர்ந்தேன். எனக்கு அறுநூறு வோல்ட் தாங்குவது வேண்டும், முப்பத்தைந்து ஆம்பியர், அடியில் உலோகத் தகடு இருக்க வேண்டும், சூட்டைக் கடத்தும் வெள்ளைப் பசையும் ஒரு குழாய் வேண்டும் என்றேன். கடைக்குள் இருந்த இரண்டு ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். கடைக்காரர் ஏணியில் ஏறினார்.

வெளியே வந்ததும் அக்கா கேட்டார்: "அந்த ஆம்பியர் எல்லாம் உள்ளதாக்கும்? இல்ல சும்மா அடிச்சு விட்டியா?"

"உள்ளதுதான் அக்கா."

"பின்ன என்னத்துக்கு இத்தன நாளும் வாயப் பொத்திட்டு இருந்த?"

நான் கார்க் கதவைத் திறந்து ஏறிக்கொண்டேன்.

அன்று மதியமே மாட்டினேன். பசை தடவி, திருகி, நான்கு ஒயரையும் ஒவ்வொன்றாகச் செருகினேன். மூன்று முறை சரிபார்த்தேன். இப்போது வீட்டில் எல்லாச் சுவர்ப் பெட்டியையும் அதே கடையில் வாங்கிய மீட்டர் வைத்துச் சோதித்து, பெரிய கரண்டின் மேலெல்லாம் மகளின் மெழுகுக் குச்சியால் தடிமனாகச் சிவப்புக் கட்டம் போட்டிருந்தேன். மகள் விழிக்கும்வரை காத்திருந்து, படுக்கையறையிலிருந்து ஒயரை இழுத்து, கதவோரம் நின்று சுவிட்சைப் போட்டேன்.

ஓடியது. ஆனால் தலைகீழாக ஓடியது. துடுப்புகள் மணலை முன்னால் அள்ளாமல் என் கால் மேலேயே வாரிக் கொட்டின. செருப்பெல்லாம் மணல். ஜன்னலுக்குள்ளிருந்து மகள் கைதட்டினாள். மூன்று முறை சரிபார்த்த நான் கூட்டலையும் கழித்தலையும் மாற்றிக் கொடுத்திருந்தேன். படியில் உட்கார்ந்து சிரித்தேன். சில மாதங்களுக்கு முன்னால் என்றால் அழுதிருப்பேன். பிளக்கைப் பிடுங்கி, இரண்டு ஒயரை இடம் மாற்றினேன். அடுத்த முறை மணல் மதிலைத் தாண்டியது.

வார இறுதியில் காற்று வந்தது. ஒன்றரை நாள் அடித்தது. காற்று தணிந்த ஒவ்வொரு இடைவெளியிலும் நான் வெளியே போய் மூலையைக் காலி செய்தேன். கேட்டை ஒருமுறை முழுசாகத் திறந்து, மூடிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தேன். பிறகு கணவருக்கு அழைத்து உண்மையைச் சொன்னேன். சமையலறைச் சுவர், வெடித்தது, போனைத் திருப்பிப் பிடித்தது, கார் பேட்டரி, கடை, எல்லாம்.

அவர் பாராட்டுவார் என்று நினைத்தேன். மறைத்தேனே என்று கோபப்படுவார் என்றும் நினைத்தேன். அவர் இரண்டும் செய்யவில்லை. களைத்த குரலில், "சரி, இன்னைக்கு ஓடிருச்சு. நாளைக்கு மறுபடி நின்னா? மண்ணு அதத் தின்னுரும்ளா. அது பனிக்குச் செஞ்ச மெஷின். பிள்ளைக்கு மறுபடி இழுத்து, அன்னைக்குப் பாத்து இது நின்னுருச்சுன்னா?" என்றார்.

அவர் கேட்டது நியாயம். நானே தினமும் என்னிடம் கேட்டுக்கொள்ளும் கேள்வி. அதை அவர் வாயால் கேட்டபோதுதான், இந்த மோட்டார் ஓடினால் இருக்கலாம், நின்றால் போக வேண்டும் என்ற கணக்கை நானும் ஒப்புக்கொண்டுவிட்டேன் என்று எனக்குப் புரிந்தது. இத்தனை நாளும் அந்தக் கணக்குக்காகத்தான் ஓடியிருக்கிறேன்.

"நின்னா நின்னுட்டுப் போகுது" என்றேன். "சட்டியால வாருவேன். அதுவும் முடியலன்னா மதில் ஓட்டைய அடைப்பேன். கேட்டை வெளிய திறக்க மாதிரி மாத்தச் சொல்லி வீட்டுக்காரர்கிட்ட சண்டை போடுவேன். ஆனா நான் போகல."

"ஏட்டி, நான் உங்க நல்லதுக்குத்தான..."

"தெரியும். நீங்க கடல்ல கிடந்து பயப்படுதிய. நானும்தான் பயப்படுதேன். ஆனா பயப்படுறதுக்காக எதுக்கு வீட்டக் காலி பண்ணணும்? ஃபைனல் எக்ஸிட் உங்க போன்ல இருக்கு. நீங்க நெனச்சா அமுக்கலாம், நான் தடுக்க முடியாது. ஆனா சரின்னு என் வாயால சொல்ல மாட்டேன். நீங்க எங்கள அனுப்பிச்சியன்னுதான் இருக்கும். நான் வந்தேன்னு இருக்காது."

என் கல்யாண வாழ்க்கையில் அவரிடம் நான் பேசிய மிக நீளமான பேச்சு அது. அதிகமாகப் பேசிவிட்டேனோ, கடைசி வரியை விட்டிருக்கலாமோ என்று அப்போதே ஆரம்பித்துவிட்டேன். ஆனால் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

அவர், "அம்மாகிட்ட என்ன சொல்ல?" என்றார்.

"உங்க அம்மாதான? நீங்களே சொல்லுங்க."

அவர் வந்த அன்று ஃபைனல் எக்ஸிட் பற்றி நாங்கள் பேசவில்லை. இரண்டாம் நாள் காலையில் இயந்திரத்தை முற்றத்துக்கு இழுத்துவந்து சுற்றிச்சுற்றிப் பார்த்தார். சாக்ஸைக் கழற்றிப் பார்த்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "எங்கன சுவிட்ச்சு? நான் ஓட்டுதேன், நீ உள்ள போ" என்றார்.

"நீங்க பிள்ளையப் பிடிங்க" என்றேன். "காத்து உங்க பக்கம் அடிக்கி. தள்ளி நில்லுங்க."

அவர் கைப்பிடியை விட்டார். மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, நான் காட்டிய இடத்தில் போய் நின்றார். நான் துப்பட்டாவை இழுத்துக் கட்டிக்கொண்டு சுவிட்சைப் போட்டேன்.